பாடகர் வரவில்லை, படம் வந்தது! - "குயின்" குழுவின் மறக்க முடியாத பாட்டுப் படங்கள்

ஒரு பெண் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டு இருக்கிறாள்.

குட்டைப் பாவாடை. இளஞ்சிவப்புச் சட்டை. காதில் தொங்கட்டான். கையில் தூசி உறிஞ்சும் மெஷின்.

அவள் திரும்பிப் பார்க்கிறாள். அடடே! மேல் உதட்டில் கருகரு என்று கட்டை மீசை!

அவள் "அவள்" அல்ல, "அவர்". லட்சக்கணக்கான மக்களைத் தன் குரலால் கட்டிப்போட்ட பாடகர் பிரெடி மெர்க்குரிதான் அந்த வேஷத்தில் இருப்பவர்!

1984-ம் ஆண்டு இங்கிலாந்து டெலிவிஷனில் இந்தக் காட்சி வந்தது. பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று பேரன், பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த மீசையையும் பாவாடையையும் அவர்கள் மறக்கவில்லை.

பிரெடியும் அவருடைய தோழர்கள் 3 பேரும் சேர்ந்து நடத்திய இசைக் குழுவின் பெயர் "குயின்". "ராணி" என்று அர்த்தம். பெயர்தான் ராணி. குழுவில் இருந்த 4 பேரும் ஆண்கள்!

இவர்கள் தங்கள் பாட்டுகளுக்குக் குட்டிக் குட்டியாகப் படம் எடுத்தார்கள். ஒரு பாட்டு, அதற்கு 4 அல்லது 5 நிமிஷம் ஓடும் ஒரு படம். "மியூசிக் வீடியோ" என்கிறார்களே, அதுதான். பாட்டுப் படம் என்று நாம் சொல்லலாம். சினிமாவில் கதைக்கு நடுவே பாட்டு வரும். பாட்டுப் படத்திலோ பாட்டுதான் கதை!

இந்தப் படங்களை வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றில் பெரும் புகழ் பெற்ற முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் ஒரே காரணம்தான். பாட வேண்டியவர் நேரில் வர முடியவில்லை. தொடக்கத்தில் வேலை தடுத்தது. முடிவில் நோய் தடுத்தது.

நாலு பேரும் படித்தவர்கள்

குயின் குழு 1970-ம் ஆண்டு லண்டனில் தோன்றியது.

பிரெடி மெர்க்குரி பாடுவார், பியானோ வாசிப்பார். பிரையன் மே கிதார் வாசிப்பார். ரோஜர் டெய்லர் டிரம் அடிப்பார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த ஜான் டீக்கன் "பேஸ்" என்ற தடித்த குரல் கிதாரை வாசிப்பார்.

பிரையன் வான நூல் படித்தவர். அவருடைய கிதார், கடையில் வாங்கியது அல்ல. சிறுவனாக இருந்தபோது தகப்பனாருடன் சேர்ந்து வீட்டிலேயே செய்தது. பழைய கணப்பு அடுப்பைச் சுற்றி இருந்த மரச் சட்டத்தை அறுத்து அதற்குக் கழுத்து செய்தார்கள்! ரோஜர் பல் வைத்தியம் படிக்கப் போய், பிறகு உயிரியல் படித்தார். ஜான், மின்னணுப் பொறியியல் பட்டதாரி. பிரெடி, ஓவியக் கல்லூரியில் படித்தவர். குழுவின் சின்னத்தை வரைந்தவர் அவர்தான்.

பிரெடிக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தம் உண்டு. அவருடைய இயற்பெயர் பரூக் பல்சாரா. பார்சி குடும்பம். பெற்றோர் குஜராத்தைச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி உள்ள சான்சிபார் தீவில் தகப்பனாருக்கு உத்தியோகம். அங்கே 1946-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி பிரெடி பிறந்தார்.

8 வயதில் அவரை மராட்டிய மாநிலத்தில் உள்ள பஞ்ச்கனி என்ற மலை ஊருக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்தப் பள்ளிக்கூட விடுதியில்தான் அவர் பியானோ கற்றார். தோழர்களுடன் சேர்ந்து முதல் இசைக் குழுவை அமைத்ததும் அங்கேதான். "பிரெடி" என்ற செல்லப் பெயரும் அங்கே வந்ததுதான்.

1964-ம் ஆண்டு சான்சிபாரில் புரட்சி வெடித்தது. பல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடி வந்தது.

நேரில் வர நேரம் இல்லை

1975-ம் ஆண்டு பிரெடி ஒரு பாட்டு எழுதினார். "பொகீமியன் ராப்சடி" என்று பெயர். ஏறக்குறைய 6 நிமிஷம் ஓடும் பாட்டு.

இவ்வளவு நீளமான பாட்டை யார் கேட்பார்கள் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் பாட்டு வெளிவந்ததும் இசைத்தட்டுகள் பறந்தன!

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பி.பி.சி. டெலிவிஷனில் வாரம் ஒரு தடவை ஒரு பாட்டு நிகழ்ச்சி உண்டு. நன்றாக விற்கிற பாட்டுகளைப் பாடியவர்கள் அந்த நிகழ்ச்சிக்கு வந்து, பாடுவது போல வாயசைத்துவிட்டுப் போவார்கள். குயின் குழுவோ ஊர் ஊராகக் கச்சேரிக்குப் புறப்பட்டுக்கொண்டு இருந்தது. வாயசைக்கப் போக நேரம் இல்லை. 6 நிமிஷப் பாட்டுக்கு அப்படி வாயசைத்தால் நன்றாக இருக்காது என்றும் நினைத்தார்கள்.

"நாம் போகாவிட்டால் என்ன? படம் எடுத்து அனுப்பிவிடுவோம்!" என்று முடிவு செய்தார்கள்.

கச்சேரிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு இருந்த எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவிலேயே நவம்பர் 10-ந்தேதி படம் எடுத்தார்கள். டைரக்டர் புரூஸ் கவர்ஸ். சில மணி நேரத்தில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது!

இருட்டில் நாலு முகங்கள் மட்டும் தெரிகின்றன. ஒரு முகம் பலவாகப் பெருகுகிறது. பல பட்டை உள்ள கண்ணாடி வில்லையைக் காமிராவுக்கு முன்னால் வைத்து இந்த மாயத்தைச் செய்தார்கள்.

படம் டெலிவிஷனில் வந்தது. பாட்டு 9 வாரம் முதல் இடத்தில் இருந்தது. பாட்டு வெளியிட்டால் படமும் எடுக்க வேண்டும் என்ற பழக்கம் வேர் பிடிக்க இது முக்கியக் காரணமாக இருந்தது.

முகம் காட்டாத படம்

1981-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி அமெரிக்காவில் "எம்.டி.வி." என்ற டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. இரவும் பகலும் பாட்டுப் படங்களைக் காட்டுவதே அதன் வேலை. இனிமேல் பாடினால் மட்டும் போதாது. படமும் காட்ட வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது.

அதே ஆண்டில் குயின் குழு, தன் பாட்டுப் படங்களை எல்லாம் தொகுத்து ஒரு வீடியோ கேசட்டாக வெளியிட்டது. ரசிகர்கள் அதை வாங்கி, வீட்டுக் கூடத்தில் குடும்பத்துடன் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டின் இன்னொரு பாட்டு "அண்டர் பிரஷர்". வாழ்க்கையின் நெருக்கடியைப் பற்றிய பாட்டு. டேவிட் போவி என்ற பெரிய பாடகரும் குயின் குழுவும் சேர்ந்து பாடியது. ஆனால் படம் எடுக்கும் நேரத்தில் யாரும் கைக்குக் கிடைக்கவில்லை!

டைரக்டர் டேவிட் மேலட் சளைக்கவில்லை. பழைய ஊமைப் படத் துண்டுகள், வாகன நெரிசல், கூட்டம் பிதுங்கும் ரெயில், இடிந்து விழும் கட்டிடங்கள் ஆகியவற்றை ஒட்டி ஒரு படம் செய்துவிட்டார். பாடியவர்களில் ஒருவர் முகம் கூட அதில் இல்லை. ஆனாலும் பாட்டின் கருத்து பளிச்சென்று தெரிந்தது.

குழந்தை கொடுத்த பாட்டு

ரோஜர் டெய்லரின் சின்ன மகன், வானொலியில் கேட்ட ஏதோ பாட்டு பிடிக்காமல் மழலையில் "ரேடியோ கக்கா" என்று சொன்னான். தகப்பனாருக்குச் சிரிப்பு வந்தது. பாட்டும் வந்தது!

"ரேடியோ கா கா" என்ற அந்தப் பாட்டு 1984-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. "வானொலியே, உன்னை எல்லோரும் மறந்துவிட்டார்களே! படம் காட்டும் பெட்டி வந்து உன் இடத்தைப் பிடித்துக்கொண்டதே!" என்று ஏங்கும் கருத்து. இதில் வேடிக்கை என்ன என்றால், படத்தைக் குறை சொல்லும் அந்தப் பாட்டு, படத்தினாலேயே உலகம் எங்கும் பரவியது!

ஜெர்மனியில் 1927-ம் ஆண்டு வெளிவந்த "மெட்ரோபோலிஸ்" என்ற புகழ் பெற்ற ஊமைப் படத்தின் காட்சிகளை அதில் சேர்த்தார்கள். வானத்தை முட்டும் மாளிகைகள். அவற்றுக்கு நடுவே ஒரு பறக்கும் கார். அதில் நம் நாலு பேரும் சவாரி செய்கிறார்கள்!

லண்டனுக்கு அருகே ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு. குயின் ரசிகர் மன்றத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். சுமார் 500 பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. வரிசை வரிசையாக நின்றார்கள். பல்லவி வரும்போது இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு தடவை தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தக் கைதட்டல் என்ன ஆயிற்று தெரியுமா?

1985-ம் ஆண்டு ஜூலை 13-ந்தேதி, எத்தியோப்பியா நாட்டின் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டன் வெம்பிளி மைதானத்தில் மாபெரும் கச்சேரி நடந்தது. குயின் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிஷம்தான். "ரேடியோ கா கா" பாட்டைப் பிரெடி தொடங்கினார். பல்லவி வந்தது. மைதானத்தில் இருந்த சுமார் 72 ஆயிரம் பேரும் கையைத் தூக்கி ஒரே நேரத்தில் தட்டினார்கள்!

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தைப் பார்த்து அவர்களாகவே கற்றுக்கொண்டு வந்து இருந்தார்கள்.

மீசையால் வந்த வினை

தொடக்கத்தில் சொன்ன மீசைப் பெண் படம், அதற்கு அடுத்த பாட்டுக்கு எடுத்தது. "ஐ வாண்ட் டு பிரேக் பிரீ". "எனக்கு விடுதலை வேண்டும்" என்று பொருள். எழுதியவர், அதிகம் பேசாத ஜான் டீக்கன்.

1960-ம் ஆண்டு முதல் இங்கிலாந்து டெலிவிஷனில் "காரனேஷன் ஸ்ட்ரீட்" என்று ஒரு தொடர் நாடகம் நடந்து வருகிறது. சாதாரணத் தெருவில் வாழும் சாதாரண மக்களின் கதை. அதைக் கிண்டல் செய்து படம் எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர், ரோஜரின் காதலி. நாலு பேரும் பெண் வேஷம் போட்டார்கள். பிரையன், தலைமுடியைச் சுருட்டும் உருளைகளோடு படுக்கையில் இருந்து எழுகிறார். ஜான், பத்திரிகை படிக்கும் முசுட்டுக் கிழவி. ரோஜர், பள்ளிக்கூடச் சிறுமி!

பாதிப் படத்தில் சிரிப்பு. மீதிப் படத்தில் நாட்டியம். பிரெடி தன் பிரியமான மீசையை மழித்துவிட்டு, ராயல் பாலே நாட்டியக்காரர்களுடன் ஆடினார்.

இங்கிலாந்தில் பாட்டு 3-வது இடம் வரை ஏறியது. தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்கள், விடுதலைப் பாட்டாகவே அதைப் பாடினார்கள்.

அமெரிக்காவிலோ கதை தலைகீழ். அந்தத் தொடர் நாடகம் அங்கே உள்ளவர்களுக்குத் தெரியாது. கிண்டல் புரியவில்லை. ஆண்கள் பாவாடை கட்டி நடிப்பதா என்று முகம் சுளித்தார்கள். எம்.டி.வி. அந்தப் படத்தை ஒதுக்கியது. பாட்டு 45-வது இடத்தோடு நின்றுவிட்டது. இந்தப் படத்தால் அமெரிக்காவில் தங்கள் செல்வாக்கு குறைந்தது என்று பிரையன் மே பிற்காலத்தில் சொல்லி இருக்கிறார்.

1982-ம் ஆண்டுக்குப் பிறகு, பிரெடி இருந்தவரை, குயின் குழு அமெரிக்காவில் கச்சேரி செய்யவே இல்லை. மற்ற இடங்களில் கதவைத் திறந்துவிட்ட பாட்டுப் படம், அங்கே கதவைச் சாத்தியது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

1986-ம் ஆண்டு வந்த 2 படங்கள், பார்த்தவர்கள் கண்ணிலேயே நிற்பவை.

ஒன்று, "எ கைண்ட் ஆப் மேஜிக்". பாழடைந்த நாடகக் கொட்டகை ஒன்றில் 3 பிச்சைக்காரர்கள் படுத்து இருக்கிறார்கள். மந்திரவாதி வேஷத்தில் பிரெடி வருகிறார். கையை வீசுகிறார். பிச்சைக்காரர்கள் பளபளக்கும் இசைக் கலைஞர்களாக மாறுகிறார்கள்! கார்ட்டூன் பெண்கள் அவர்களைச் சுற்றி நடனம் ஆடுகிறார்கள்.

மற்றொன்று, "ஹூ வாண்ட்ஸ் டு லிவ் பார் எவர்". "என்றென்றும் வாழ யாருக்கு ஆசை?" என்று கேட்கும் பாட்டு. சாகாவரம் பெற்ற ஒருவனின் கதையைச் சொல்லும் சினிமாவுக்காகப் பிரையன் எழுதியது. கிழக்கு லண்டனில் ஒரு பழைய கிடங்கு. நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள். பெரிய வாத்தியக் குழு. சிறுவர் பாடகர் குழு. நடுவில் பிரெடி நின்று பாடுகிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆட்டம் இல்லை.

அப்போது அது வெறும் பாட்டு. பின்னால் நடந்ததை அறிந்தவர்களால் இன்று அதைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

கடைசிக் கச்சேரி

1986-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி. இங்கிலாந்தில் நெப்வொர்த் என்ற இடத்தில் பெரும் கூட்டத்துக்கு முன்னால் குயின் குழு பாடியது. அதுதான் நாலு பேரும் சேர்ந்து நடத்திய கடைசிக் கச்சேரி. அன்று அது யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டில் பிரெடிக்கு எய்ட்ஸ் நோய்க் கிருமி இருப்பது தெரியவந்தது. அந்தக் கிருமியை அடக்கி வைத்து, பல ஆண்டுகள் வாழ வைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. அன்று இல்லை.

பிரெடி விஷயத்தை வெளியே சொல்லவில்லை. ஊர் ஊராகப் போவது நின்றது. ஆனால் பாடுவது நிற்கவில்லை. படம் எடுப்பதும் நிற்கவில்லை. இனி ரசிகர்களை அவர் சந்திப்பதற்கு இருந்த ஒரே வழி அதுதான்.

சுவரை உடைத்த ரெயில்

1989-ம் ஆண்டு வந்த "பிரேக் த்ரூ" படத்தைப் பார்ப்பவர்கள், அதில் ஒரு நோயாளி இருக்கிறார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

புகை கக்கிக்கொண்டு ஒரு நீராவி ரெயில் ஓடுகிறது. திறந்த வண்டியின் மேல் நாலு பேரும் நின்று வாசிக்கிறார்கள். காற்று வீசி அடிக்கிறது. பிரெடி துள்ளுகிறார், சுழல்கிறார், பாடுகிறார்!

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்கு அருகே உள்ள ரெயில் பாதையில் இதை எடுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு ரெயில் வெளியே வரும். உண்மையில் அது செங்கல் அல்ல. தெர்மோகோல் போன்ற லேசான பொருளில் செய்து வர்ணம் பூசியது. ரெயில் வந்த வேகத்தில் காற்று முட்டி, ரெயில் தொடுவதற்கு முன்பே சுவர் பிய்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது! உன்னிப்பாகப் பார்த்தால் தெரியும்.

அதே ஆண்டு வந்த "தி மிராக்கிள்" படம், குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. 4 சிறுவர்கள், குயின் குழுவினரைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே மேடையில் ஆடிப் பாடுகிறார்கள். குட்டிப் பிரெடியின் மிடுக்கைப் பார்த்து வியக்காதவர் இல்லை. கடைசியில் உண்மையான நாலு பேரும் மேடைக்கு வந்து சிறுவர்களுடன் சேர்ந்துகொள்கிறார்கள்.

வர்ணத்தை எடுத்துவிட்டார்கள்

1991-ம் ஆண்டு மே மாதம் 30-ந்தேதி. பிரெடி கடைசித் தடவையாகக் காமிராவின் முன் நின்றார்.

"தீஸ் ஆர் த டேஸ் ஆப் அவர் லைவ்ஸ்" என்ற பாட்டு. இளமையில் கழிந்த இனிய நாட்களை நினைத்துப் பார்க்கும் பாட்டு. பெரும் பகுதியை எழுதியவர் ரோஜர்.

பிரெடி எலும்பும் தோலுமாக இருந்தார். முகத்தில் கனமாக மேக்கப் போட்டார்கள். அப்படியும் நோயை மறைக்க முடியாது என்பதால், படத்தைக் கறுப்பு-வெள்ளையில் வெளியிட்டார்கள். அவர் உடுத்தி இருந்த மேல் உடுப்பில், அவர் ஆசையாக வளர்த்த பூனைகளின் படங்கள் வரைந்து இருந்தன.

மந்திரவாதி வேஷம் இல்லை. பெண் வேஷம் இல்லை. ரெயில் இல்லை. ஒரே இடத்தில் நின்றபடி, கைகளை மட்டும் மெல்ல அசைத்துப் பாடினார். முடிவில் காமிராவை நேராகப் பார்த்தார். புன்னகை செய்தார். பாட்டின் கடைசி அன்பு வார்த்தைகளை மெதுவாகச் சொன்னார். தலை குனிந்து, விலகிப் போய்விட்டார்.

அன்று ஊரில் இல்லாத பிரையனைப் பிறகு தனியாகப் படம் பிடித்து இணைத்தார்கள்.

நவம்பர் 23-ந்தேதி, தனக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதைப் பிரெடி உலகத்துக்கு அறிவித்தார். மறுநாள் லண்டனில் தன் வீட்டில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 45.

ஒரே இசைத்தட்டில்

அடுத்த மாதம் இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பாட்டு, 1975-ம் ஆண்டின் "பொகீமியன் ராப்சடி". இன்னொரு பாட்டு, கடைசிப் படத்தின் பாட்டு.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அது முதல் இடத்தில் நின்றது. விற்பனையில் கிடைத்த 10 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகை, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அறநிலையத்துக்குப் போயிற்று.

1975-ம் ஆண்டின் படம், வெளியூர்க் கச்சேரிக்குப் போனவருக்குப் பதிலாக வந்தது. கடைசிப் படம், திரும்பி வர முடியாத ஊருக்குப் போனவருக்குப் பதிலாக வந்தது.

ஜான் டீக்கன் 1997-ம் ஆண்டோடு மேடையை விட்டு ஒதுங்கிவிட்டார். "பொகீமியன் ராப்சடி" படத்தை இன்டர்நெட்டில் பார்த்த எண்ணிக்கை, 2019-ம் ஆண்டு ஜூலையில் 100 கோடியைத் தாண்டியது. பிரெடி இறந்தபோது பிறக்காத பிள்ளைகள் எல்லாம் கைபேசியில் அவரைப் பார்க்கிறார்கள்.

பிரையனும் ரோஜரும் வேறு பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் பல நாடுகளில் கச்சேரி நடத்தினார்கள். அந்தக் கச்சேரிகளில் ஒரு கட்டம் உண்டு. தலை நரைத்த பிரையன் மேடையில் தனியாக உட்கார்ந்து கிதார் வாசிக்கத் தொடங்குவார். பாட்டின் நடுவே, அவருக்குப் பின்னால் உள்ள பெரிய திரையில் பிரெடி தோன்றுவார். பிரையன் வாசிக்க, படத்தில் இருக்கும் பிரெடி பாடுவார்.

கூட்டம் கையைத் தட்டும். பலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.